விடியல் யாருக்குச் சொந்தம்?

அய்யா துணை

அன்புக்கொடி மக்களிடையே அடிக்கடி எழும் கேள்வி ஒன்று உண்டு. "பிழைப்புக்கு ஓடவே நேரம் போதவில்லை. விடியற்காலையில் எழுந்து, குளித்து, நாமமிட்டு, உகப்படிப்பு படிக்க எங்கே நேரம்? அய்யா மனதைத்தானே பார்க்கிறார், மனதில் நினைத்தால் போதாதா?" இப்படிக் கேட்பவர்களைச் சோம்பேறிகள் என்று தள்ளிவிட முடியாது. பெரும்பாலும் வீட்டில் அதிகம் உழைப்பவர்தான் இப்படிக் கேட்கிறார். கேள்வி நியாயமானது என்பதால் பதிலும் நியாயமாக இருக்க வேண்டும். "பக்தி இருந்தால் நேரம் தானே வரும்" என்று சொல்லி அனுப்பிவிடுவது பதில் ஆகாது.

காஞ்சிபுரம் மாவட்டத்தில் வாலாஜாபாத் பக்கத்தில் இருக்கும் தென்னேரியை எடுத்துக்கொள்ளலாம். ஒருபுறம் கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்து கிடக்கும் ஏரி. தொண்டைமான் இளந்திரையன் பெயரால் திரையனேரி என்று வழங்கியதுதான் தென்னேரி ஆயிற்று என்று பெரியவர்கள் சொல்வார்கள். அதன் தண்ணீரை நம்பி நெல்வயல்கள். இன்னொருபுறம் காஞ்சிப் பட்டு நெய்கிற தறிகள். இவற்றோடு ஒரகடம், சுங்குவார்சத்திரம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் எழுந்த தொழிற்சாலைகள். ஒரே வீட்டில் தகப்பனார் தறியில் உட்காருவார், மகன் கம்பெனி பஸ்ஸுக்காக ரோட்டில் நிற்பான். ஆறு மணி ஷிப்டு என்றால் ஐந்து மணிக்கே பஸ் வந்துவிடும். கன்னியாகுமரி, நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களை விட்டு வேலைக்காக வடக்கே வந்து தங்கிய அய்யாவழிக் குடும்பங்களுக்கும் இந்த வட்டாரத்தில் இதே வாழ்க்கைதான். இங்கே ஒருவர் காலையில் கால் மணி நேரம் அய்யாவுக்கு என்று ஒதுக்கினால், அதைத் தூக்கத்திலிருந்தோ சோற்றிலிருந்தோதான் எடுத்தாக வேண்டும்.

ஆகையால் கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. விடியற்காலை யாருக்குச் சொந்தம்?

விடியல் இல்லாத மக்கள்

அய்யா வைகுண்டர் அவதரித்த காலத்துத் தென்திருவிதாங்கூரை நினைத்துப் பார்த்தால் இந்தக் கேள்வியின் கனம் தெரியும். பனையேறிக்கு விடியல் அவனுடையது அல்ல, பனையுடையது. வெயில் ஏறினால் பதநீர் புளித்துவிடும். அதனால் இருட்டோடு எழுந்து, சுண்ணாம்பு தடவிய கலயத்தை இறக்கி, பாளை சீவி, அடுத்த மரத்துக்கு ஓட வேண்டும். மாலையில் மறுபடியும் ஏற வேண்டும். அப்படி உழைத்ததற்கும் வரி, தலைக்கும் வரி. இவை போதாதென்று ஊழியம். அரசாங்கத்துக்கும் மேலோருக்கும் கூலியில்லாமல் செய்ய வேண்டிய வேலை அது. கூப்பிட்டால் அந்த நேரமே போக வேண்டும். குளித்தாயா, உண்டாயா என்று கேட்பார் கிடையாது. தோளில் துண்டு போடக் கூடாது, தலையில் பாகை கட்டக் கூடாது, பெண்கள் மேலாடை அணியக் கூடாது, பொதுக் கிணற்றில் இறங்கக் கூடாது.

இப்படிப்பட்ட மனிதனுக்கு "காலையில் எழுந்து உன்னைச் சுத்தப்படுத்திக்கொள், நெற்றியில் நாமமிடு, தலைப்பாகை கட்டிக்கொண்டு நில்" என்று ஒருவர் சொன்னால் அது வெறும் சுகாதாரப் பாடமாக இருக்குமா? உன் நாளின் முதல் நேரம் உன்னுடையது, அதை நீ இறைவனுக்குக் கொடுக்கலாம், வேறு எவனுக்கும் அதன்மேல் முதல் உரிமை கிடையாது என்று சொல்வதாகத்தான் அவன் காதில் விழுந்திருக்கும். தன்னுடையதாக இல்லாத ஒன்றை எவரும் இறைவனுக்குக் கொடுக்க முடியாது. அதனால் அய்யா முதலில் அந்த நேரத்தை மக்களுக்கே மீட்டுக் கொடுத்தார்.

சிங்காரத்தோப்புச் சிறையிலிருந்து அய்யா மீண்ட பிறகு நடந்த துவையல் தவசு இதற்குச் சாட்சி. எழுநூறு குடும்பங்கள் வாகைப்பதிக் கடற்கரையில் கூடின. பிறகு முட்டப்பதியிலும் தவசு தொடர்ந்தது. நாளுக்கு மூன்று முறை குளித்தார்கள், கடல்நீரில் துணி துவைத்தார்கள், அரிசியும் சிறுபயறும் சேர்த்து வேகவைத்து ஒரே வேளை உண்டார்கள், சேர்ந்து நின்று அய்யாவைத் துதித்தார்கள். பிறர் கண்ணுக்குத் தீட்டென்று தெரிந்த மக்கள், எந்தப் பரிகாரக்காரரையும் கூப்பிடாமல், தண்ணீராலும் தங்கள் கையாலும் தங்களைத் தாங்களே துலக்கிக்கொண்டார்கள். இன்று அய்யாவழி வீடுகளில் விடியற்காலையில் நடக்கும் குளியலும் நாமமும் வணக்கமும் அந்தக் கடற்கரையிலிருந்து வந்தவை. இதை அறிந்தவருக்குக் காலைப் பணிவிடை ஒரு சுமையாகத் தோன்றாது. அது பெற்ற உரிமை. பயன்படுத்தாத உரிமை மெல்ல மெல்லக் கைவிட்டுப் போகும்.

மனதில் நினைத்தால் போதாதா?

போதும் என்று சொல்லலாம், மனம் நம் சொல்படி கேட்குமானால். ஆனால் விடிந்ததும் முதலில் ஓடுவது மனம்தான். கால் தரையில் படுமுன்பே அது வட்டிக்காரரிடம் போய்விடும், சூப்பர்வைசரிடம் போய்விடும், நேற்று அண்ணன் தம்பிக்குள் நடந்த சண்டைக்குப் போய்விடும். இப்போது தலையணைக்குப் பக்கத்தில் செல்போனும் இருக்கிறது. கண் விழித்ததும் கை தேடுவது அதைத்தான். பத்து நிமிடத்தில் பத்து ஊர்க் கொலையும் இருபது பேருடைய பெருமையும் பார்த்தாகிவிடுகிறது. கலி என்பது வெளியே வாளோடு நிற்கும் எதிரி அல்ல, மனதில் புகுந்து ஆட்டும் மாயை என்பது அகிலத்திரட்டைக் கேட்டு வளர்ந்தவர்களுக்குத் தெரியும். வெளியே நிற்பவனைக் கதவடைத்துத் தடுக்கலாம். உள்ளே புகுகிறவனை எதைக் கொண்டு தடுப்பது? அவன் புகுமுன் அந்த இடத்தில் அய்யாவை இருத்துவதைத் தவிர வேறு வழி இல்லை.

இதைத் தறிக்காரர்களுக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லை. எந்த நெசவாளரும் காலையில் உட்கார்ந்த உடனே நாடாவை ஓட்டிவிடுவதில்லை. முதலில் பாவைப் பார்ப்பார். இரவில் எலி கடித்திருக்கலாம், ஈரத்தில் இழை இளகியிருக்கலாம். அறுந்த இழையைக் கண்டுபிடித்து முடிச்சிட்ட பிறகுதான் தறி ஓடும். அந்தப் பத்து நிமிடத்தை மிச்சம் பிடிக்கப் போனால் சேலை நெடுக ஒரு கோடு விழும். பத்து நாளோ இருபது நாளோ பாடுபட்டு நெய்த சேலைக்குக் கூலியில் பிடித்தம் வரும். மனிதனுடைய நாளும் அப்படித்தான். நேற்றைய கோபம், பயம், பொறாமை எல்லாம் இரவில் அறுந்து தொங்கும் இழைகள். அவற்றைப் பார்க்காமல் நாளை ஓட்டினால் அந்தக் கோடு மாலைவரை வரும். காலையில் மனைவியிடம் விழும், மதியம் கூட வேலை செய்பவனிடம் விழும், இரவில் பிள்ளையிடம் விழும்.

குளிப்பதும் நாமமிடுவதும் தலைப்பாகை கட்டுவதும் கண்ணாடி முன் நிற்பதும் மனதைப் பிடித்து நிறுத்தும் கைப்பிடிகள். பதிகளிலும் நிழல்தாங்கல்களிலும் பள்ளியறையில் சிலைக்குப் பதிலாக நிலைக்கண்ணாடி இருக்கிறது. அதன் முன் நிற்பவர் தன்னையே காண்கிறார். இறைவன் உனக்குள் இருக்கிறார் என்ற போதனை அதில் அடங்கியிருக்கிறது. அதோடு இன்னொன்றையும் அந்தக் கண்ணாடி காட்டுகிறது. சிடுசிடுத்த முகத்தோடு அதன் முன் நின்றால் சிடுசிடுத்த முகம்தான் தெரியும். வீட்டில் சுவரில் மாட்டிய சிறு கண்ணாடியும் இதற்குப் போதும். தலை வாரும்போது அரை நிமிடம் கூட நின்று, இன்றைக்கு இந்த முகம் யார் யாருக்கு எப்படித் தெரியப் போகிறது என்று கேட்டுக்கொள்ளலாம்.

ஒரே நாளில் ஏறிவிட முடியாது

புதிதாக உறுதி எடுப்பவர்கள் பெரும்பாலும் ஒரு தவறு செய்கிறார்கள். நாளை முதல் மூன்று மணிக்கே எழுந்து எல்லாம் செய்வேன் என்று கிளம்புகிறார்கள். நான்கு நாள் நடக்கும். ஐந்தாம் நாள் உடம்பு கேட்காது. ஆறாம் நாள் முழுவதும் விட்டுவிடுவார்கள்.

அய்யா செய்த தவத்தை எண்ணிப் பார்க்கலாம். ஆறு ஆண்டுத் தவத்தில் முதல் இரண்டு ஆண்டு ஆறடிக் குழிக்குள் நின்றார். அடுத்த இரண்டு ஆண்டு தரையில் இருந்தார். அதன் பிறகே மேடைமேல் அமர்ந்தார். இறைவனே படிப்படியாக ஏறிக் காட்டிய இடத்தில் மனிதன் ஒரே தாவலில் மேடைமேல் உட்கார நினைப்பது சரியா? குழித்தறியில் உட்காருகிறவர் தினமும் காலைக் குழிக்குள் இறக்கித்தான் வேலையைத் தொடங்குகிறார். தாழ்ந்த இடத்திலிருந்து தொடங்குவதில் வெட்கம் இல்லை.

ஒரு நாழிகை என்பது 24 நிமிடம். ஒரு நாளில் அறுபது நாழிகை. அதில் ஒன்றைக் கொடுக்க முடிந்தவர் ஒன்றைக் கொடுக்கலாம். முடியாதவர் அரை நாழிகை, அதாவது 12 நிமிடத்தில் தொடங்கலாம். எழுந்ததும் செல்போனைத் தொடாமல் அய்யாவை நினைப்பது. குளித்து நாமமிடுவது. தலைப்பாகை கட்டி விளக்கின் முன் நின்று, உகப்படிப்பு முழுவதும் படிக்க முடிந்தால் படிப்பது, முடியாவிட்டால் மனப்பாடமான பகுதியை நிதானமாகச் சொல்வது. பிறகு ஒரு நிமிடம் பேசாமல் நிற்பது. கடைசியாக அன்றைக்குச் செய்யப்போகும் ஒரு தர்மத்தை நினைத்துக்கொள்வது. இவ்வளவுதான். அவசரமாக முழுவதும் படிப்பதைவிட அறிந்து கொஞ்சம் படிப்பது மேல். வாய் படித்துக்கொண்டிருக்க மனம் பஸ் ஸ்டாப்பில் நின்றால், அந்த நேரம் அய்யாவுக்கும் கிடைக்கவில்லை, தூக்கத்துக்கும் கிடைக்கவில்லை.

இரவு ஷிப்டு முடிந்து காலை ஏழு மணிக்கு வீடு திரும்புகிறவர்களும் உண்டு. எல்லோரும் எழும்போது அவர்கள் படுக்கிறார்கள். காலை வணக்கம் தவறிப்போகிறதே என்று அவர்கள் வருந்த வேண்டியதில்லை. உகப்படிப்பு காலையில் மட்டுமல்லாமல் மாலையிலும் படிக்கப்படுவது. நண்பகலுக்கு உச்சிப்படிப்பு இருக்கிறது. உறங்கி எழுந்த நேரமே அவர்களுக்கு விடியல். அகிலத்திரட்டு பிறந்த வரலாறும் இதைத்தான் சொல்கிறது. 1841-ஆம் ஆண்டு கார்த்திகை மாதத்தில் உறங்கிக்கொண்டிருந்த சீடர் அரிகோபாலரை இறைவன் எழுப்பி எழுதச் சொன்னார். மனிதன் விழித்தெழும் நேரம் எதுவோ அதுவே நல்ல நேரம்.

நோயாளிகளும் வயதானவர்களும் பிள்ளை பெற்ற தாய்மாரும் குளிர்ந்த தண்ணீரில் குளித்தே தீரவேண்டும் என்று யாரும் வற்புறுத்தக் கூடாது. முகம் கைகால் கழுவி நினைத்தாலும் அது பணிவிடைதான்.

அந்த வீட்டு அம்மாவின் விடியல்

இனி இந்தப் பேச்சில் பெரும்பாலும் விடுபட்டுப் போகும் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு வீட்டில் தகப்பனார் தவறாமல் நான்கரை மணிக்கு எழுகிறார், வெந்நீரில் குளிக்கிறார், துவைத்து மடித்த வேட்டி கட்டுகிறார், நாமமிட்டு அமைதியாகப் படிக்கிறார். ஊரே அவரைப் புகழ்கிறது. அந்த வெந்நீரை வைத்தவர் யார்? வேட்டியைத் துவைத்து மடித்தவர் யார்? விளக்கைத் துலக்கித் திரி போட்டவர் யார்? அவர் படிக்கும்போது பிள்ளைகள் சத்தம் போடாமல் பார்த்துக்கொண்டு, மூன்று டிபன் பாக்ஸ் கட்டிக்கொண்டிருப்பவர் யார்? நான்கு மணிக்கே எழுந்த அந்த அம்மாவுக்கு அய்யா முன் நிற்க ஐந்து நிமிடம் கிடைத்ததா?

கிடைக்கவில்லை என்றால் அந்த வீட்டில் ஒருவருடைய பக்தி இன்னொருவருடைய ஊழியத்தின்மேல் நிற்கிறது என்று பொருள். கூலியில்லாத ஊழியத்தை எதிர்த்த அய்யா முன் அந்தப் பக்தி எப்படி நிற்கும்? அய்யா தமது மூன்றாம் தவத்தைப் பெண்மக்களையும் எண்ணிச் செய்தார் என்பதை மறந்துவிடக் கூடாது. சாமிதோப்பில் முத்திரிக் கிணற்றங்கரையில் எல்லோரையும் ஒன்றாக நிறுத்திப் பதம் கொடுத்தவர், வீட்டுக்குள் ஒருவர் நிற்கவும் ஒருவர் ஓடவும் சம்மதிப்பாரா?

காஞ்சிப் பட்டில் கோர்வை என்று ஒரு வேலை உண்டு. உடல் ஒரு நிறம், இருபக்கக் கரை வேறு நிறம். மூன்று நாடா கொண்டு நெய்வார்கள். தறியில் இருப்பவர் ஒருவரால் மட்டும் அது ஆகாது, பக்கத்தில் ஒருவர் இருந்து நாடாவை வாங்கிக் கொடுக்க வேண்டும். இருவர் கையும் ஒரே தாளத்தில் போனால்தான் கரை உடலோடு பிணையும். அப்படிப் பிணைந்த கரை சேலை கிழிந்தாலும் பிரியாது என்பார்கள். வீட்டின் விடியலும் கோர்வை வேலைதான். கணவர் தண்ணீர் பிடித்து வைக்கலாம், காய் நறுக்கலாம், பிள்ளைகளைக் குளிப்பாட்டலாம். மகன் தன் துணியைத் தானே துவைக்கலாம். துவையல் தவசில் ஆண்களும் துணி துவைத்தார்கள் என்பதை நினைத்தால் அதில் கௌரவக் குறைவு எதுவும் இல்லை. இப்படிப் பகிர்ந்து மிஞ்சும் நேரத்தில் குடும்பம் முழுவதும் சேர்ந்து ஐந்து நிமிடம் அய்யா முன் நின்றால், தகப்பனார் தனியாக ஒரு மணி நேரம் படித்ததைவிட அது உயர்ந்த பணிவிடை.

முதல் தர்மம்

சபர்மதி ஆசிரமத்தில் காந்தியடிகள் விடியுமுன் பிரார்த்தனை நடத்தினார். அதன் பிறகு எல்லோரும் ராட்டைக்கும் துப்புரவு வேலைக்கும் போனார்கள். பள்ளிவாசலில் வைகறைப் பாங்கு கேட்டுத் தொழுதவர் பிறகு தம் கடையைத் திறக்கிறார். எந்த வழியில் நின்றாலும் காலை வணக்கத்தின் மதிப்பு அடுத்து வரும் வேலையில்தான் தெரிகிறது. அய்யாவழியில் இது இன்னும் அழுத்தமாகச் சொல்லப்பட்டிருக்கிறது. தாழ்ந்து கிடப்பவரைத் தாங்குவதே தர்மம் என்ற போதனை உள்ள இடத்தில், காலை வணக்கம் ஒருவரைப் பிறரிடமிருந்து விலக்கி வைத்தால் அது எங்கோ தவறிவிட்டது. "நான் நான்கு மணிக்கு எழுகிறேன், அவன் ஏழு மணிவரை தூங்குகிறான்" என்ற எண்ணம் வந்தால், அன்றைய நாமம் நெற்றியோடு நின்றுவிட்டது என்று கொள்ளலாம்.

இதற்கு எளிய மருந்து, வணக்கத்தோடு ஒரு சிறு தர்மத்தையும் சேர்த்துவிடுவது. உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போடும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. நாளுக்கு ஒரு பிடி என்றால் மாதத்துக்கு ஒரு கிலோவுக்குக் குறையாது. பத்து வீடு சேர்ந்தால் நிழல்தாங்கலில் ஒரு வேளை அன்னதர்மத்துக்கு ஆகும். அரிசி போட முடியாதவர் பக்கத்து வீட்டு முதியவரிடம் "இரவு தூங்கினீர்களா" என்று ஒரு வார்த்தை கேட்கலாம். அதற்குச் செலவில்லை.

தென்னேரி எவ்வளவு பெரியதாக இருந்தாலும் வயலுக்குத் தண்ணீர் போவது சிறு மதகு வழியாகத்தான். வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிறைந்து கிடந்தாலும், விடியற்காலையில் ஒருவர் கரைமேல் நடந்து போய் மதகைத் திறந்து அளவாக விட்டால்தான் கடைமடைப் பயிர் நனையும். மதகைக் கவனிக்காமல் விட்டால் ஒன்று வயல் காயும், இல்லையென்றால் கரை உடையும். அய்யாவின் அருளுக்குக் குறைவில்லை. விடியற்காலை அரை நாழிகை என்பது அதன் மதகு. திறக்க வேண்டியவர் எழுந்து போக வேண்டும். திறந்த தண்ணீர் தன் வயலோடு நிற்காமல் அடுத்த வயலுக்கும் போகிறதா என்று பார்க்க வேண்டும்.

அரை நாழிகையில் தொடங்கலாம். வீட்டில் எல்லோருக்கும் அந்த அரை நாழிகை கிடைக்க வழி செய்யலாம். கம்பெனி பஸ் ஐந்து மணிக்கு வரட்டும், தறி ஆறு மணிக்குக் கூப்பிடட்டும். அதற்கு முன் ஒரு நேரம் இருக்கிறது. அதை எவரும் வரியாகக் கேட்க முடியாது, ஊழியமாகப் பிடுங்க முடியாது. அந்த நேரத்தில் நிமிர்ந்து நின்று அய்யாவை வணங்கியவர் அன்று யார் முன்னும் கூனி நிற்க மாட்டார். எவரையும் கூனி நிற்கச் செய்யவும் மாட்டார்.

அய்யா உண்டு